தூது போனவனின் வயது

தூத்துக்குடியிலிருந்து தெற்கே கடலை ஒட்டிப் போகிற சாலையில், உப்பளங்களுக்கு நடுவே, அரசாங்கக் காகிதத்தில் உப்பளத் தொழிலாளர் குடியிருப்பு, பகுதி இரண்டு என்றும் மற்ற எல்லார் வாயிலும் ஓடிவந்தான்புரம் என்றும் பெயர் பெற்ற இருபத்தாறு வீடுகள் இருந்தன. அந்த இருபத்தாறு வீட்டிலும், சாதி மாறியோ, மதம் மாறியோ, இரண்டும் ஒன்றாகவே இருந்தும் பெண்ணை வேறொருவனுக்கு நிச்சயம் பண்ணிவிட்டார்கள் என்பதாலோ, பெற்றவர்களிடம் சொல்லாமல் பஸ் ஏறி வந்து தாலி கட்டிக்கொண்டவர்கள்தான் குடியிருந்தார்கள். அதனால் அங்கே முப்பத்தைந்து வயதைத் தாண்டிய ஆள் ஒருவர்கூடக் கிடையாது. நரைத்த தலை ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஸ்டாப் வரைக்கும் போக வேண்டும்.

ஆரம்பத்தில் அது சுகமாகத்தான் இருந்தது. பிள்ளைக்குப் பெயர் வைக்க யாரையும் கேட்க வேண்டாம், சீட்டு விளையாடினால் யாரும் முறைக்க மாட்டார்கள், பெண்டாட்டி புருஷனை வாடா போடா என்று கூப்பிட்டால் காது பொத்திக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பேச்சுவார்த்தையானாலும், இரண்டு தரப்பும் உட்கார்ந்த இடத்தில் வயதில் மூத்தவர் வாயிலிருந்துதான் முதல் வார்த்தை வர வேண்டும், கடைசி வார்த்தையும் அவருடையதுதான். தூது வருகிறவர் அங்கே இருக்கிற எல்லாரையும்விட மூத்தவராக இருந்தால் அவர் கேட்டது நடக்கும், இல்லாவிட்டால் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வர வேண்டியதுதான். ஓடிவந்தான்புரத்து ஆட்கள் பன்னிரண்டு வருஷமாகக் காப்பி குடித்துவிட்டுத்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

குடிதண்ணீர்க் குழாய் விஷயமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் ஒரே பைக்கில், தண்ணீர்த் தொட்டி இருந்த பக்கத்து ஊரான நடுவைக்குளத்துக்குப் போனார்கள். ஜேசுராஜ் வண்டி ஓட்டினான், அவன் பின்னால் பலவேசம், அதற்கும் பின்னால் தங்கத்துரை. கோயில் தர்மகர்த்தா வெள்ளைச்சாமி, எழுபத்தொரு வயது, அவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்டார்.

"உங்கள்ல பெரியாளு யாருப்பா?"

ஜேசுராஜுக்கு வாய் எப்போதும் மூளைக்கு இரண்டு அடி முன்னால் ஓடும். அவன் பக்கத்தில் நின்ற பலவேசத்தின் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளி, "இவருதான் அண்ணாச்சி எங்க பெரியவரு" என்றான். ரேஷன் கார்டுப்படி பலவேசம் ஜேசுராஜைவிட இரண்டு மாதம் மூத்தவன். வயது முப்பத்து நாலு. இதைவிடப் பெரிய ஆதாரம் ஜேசுராஜிடம் இல்லை.

பலவேசம் மறுத்துச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். வந்ததோ எழுபத்திரண்டு வயதுக் குரல். குரலுக்குத் தக்கபடி தலை நரைத்தது, தோள் சரிந்தது, கைத்தோல் சுருங்கியது, எதிரே இருந்த காலண்டரின் எழுத்து மங்கிப்போனது. வெள்ளைச்சாமி அவனைப் பார்த்தார், தன்னைவிட ஒரு வயது மூத்தவர் என்று கண்டார், எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டுக் கீழே ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். நாலாம் நாள் ஓடிவந்தான்புரத்துக்குக் குழாயில் நல்ல தண்ணீர் வந்தது.

திரும்பும்போது பெரியவரைப் பைக்கில் நடுவே நெருக்கி உட்கார வைப்பது மரியாதையில்லை என்று ஜேசுராஜும் தங்கத்துரையும் கலந்து பேசி, அவனைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு அவர்கள் இருவரும் பைக்கில் வந்தார்கள். பஸ்ஸில் ஒரு கர்ப்பிணிப் பெண் எழுந்து அவனுக்கு இடம் கொடுத்தாள். அவனும் உட்கார்ந்தான், கால் அப்படி வலித்தது. அவன் தனியாக வந்து இறங்கிய முதல் நாள் அது.

வீட்டு வாசலில் அவன் பெண்டாட்டி முப்பிடாதி, முப்பது வயதுக்காரி, பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "என்னலே இது கோலம், மாவு மில்லுக்குள்ள விழுந்து எந்திரிச்சு வாறியா?" என்றாள். பிறகு சாம்பல் கையோடு அவன் தலையைத் தடவிப் பார்த்தாள், மாவு உதிரவில்லை என்று தெரிந்ததும், "சரி, வா, சோறு ஆறிப்போச்சு" என்று உள்ளே கூட்டிப் போனாள். அன்றைக்கு இரண்டு பேரும் எப்போதும் போல ஒரே தட்டில்தான் சாப்பிட்டார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஒரு தட்டு போதுமானதாக இருந்தது.

இது எப்படி நடந்தது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. ரேஷன் கடைக்காரர் கார்டில் இருந்த வயதைப் பேனாவால் அடித்துத் திருத்தி ஓரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கேட்க வேண்டிய கேள்விகள் ஊருக்கு வேறு இருந்தன: பெரியவர் ஒருத்தர் இருக்கிற ஊரில் எப்படி நடந்துகொள்வது? பன்னிரண்டு வருஷம் பழக்கம் விட்டுப்போனவர்கள் ஆளுக்கு ஆள் தன் பிறந்த ஊரில் பார்த்ததைச் சொன்னார்கள், எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டார்கள், எதையும் விட்டுக் கொடுக்கவில்லை. ஒருவருடைய ஊரில் பெரியவர் வேலைக்குப் போகக் கூடாது. அதனால் பலவேசத்தை உப்பளத்துக்கு வரவேண்டாம் என்றார்கள், விடியும் முன்னே ஊரே அளத்துக்குப் போய்விட, நாய்களும் அவனும் மிஞ்சினார்கள். இன்னொருவருடைய ஊரில் பெரியவர் முன்னால் பீடி குடிக்கக் கூடாது, சீட்டு விளையாடக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது. ஆகவே அவன் வந்தால் சிரிப்புச் சத்தம் நின்றது, ஆட்கள் பீடியைப் பின்னால் மறைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கழன்றார்கள். அவன் சட்டைப் பையிலும் ஒரு பீடிக்கட்டு இருந்தது, நெருப்புப் பெட்டிதான் இல்லை, கேட்க வாயெடுப்பதற்குள் முச்சந்தி காலியாகிவிடும்.

எல்லாவற்றிலும் கொடியது தங்கபுஷ்பம் கொண்டுவந்தது. ஜேசுராஜின் மனைவி அவள், நல்ல மனசுக்காரி, கெடுதல் நினைக்கத் தெரியாதவள். அவள் பிறந்த ஊரில் மூத்தவர் சாப்பிட்டு முடிக்கும்வரை வேறு யாரும் இலையில் கை வைக்கக் கூடாதாம், அவர் சாப்பிடும்போது வீட்டுப் பெண் எழுந்து நிற்க வேண்டுமாம். ஒரு காதுகுத்து விருந்தில் அது நடைமுறைக்கு வந்தது. நாற்பது பேர் உட்காரக்கூடிய பந்தியில் ஒரே ஒரு இலை போட்டார்கள். பலவேசம் அதன் முன்னால் உட்கார்ந்து, நாற்பது பேர் சுவரோரம் நின்று பார்க்க, சோற்றை விழுங்கினான்.

"என்கூட யாராவது உக்காருங்களேன்" என்றான்.

"நீங்க நல்லா சாப்பிடுங்க பெரியவரே" என்றார்கள்.

முப்பிடாதி ஒரு மாதம் தாக்குப்பிடித்தாள். தண்ணீர்க் குழாயடியில், அளத்துக்குப் போகிற வண்டியில், பாத்தியில் உப்பு வாரும்போது என்று பெண்கள் அவளைச் சும்மா விடவில்லை. அந்தத் தண்ணீரே பெரியவர் கொண்டுவந்தது, அந்தப் பெரியவரைப் போய் லேய் என்று கூப்பிடுகிறாயே, ஊருக்கு நல்லதா இது, நடுவைக்குளத்துக்காரர் காதில் விழுந்தால் குழாயைப் பூட்டிவிட மாட்டாரா என்றார்கள். ஒருநாள் அவள் தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டுச் சுவரோடு நின்றாள். "சாப்பிடுங்க" என்றாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான், அவள் தரையைப் பார்த்தாள். அன்றிலிருந்து வீட்டிலும் அவன் தனியாகச் சாப்பிட்டான். கதை சொல்கிற நான் மட்டும் அவனை அவன் என்றே சொல்லிக்கொண்டு வருகிறேன்; ஒருத்தராவது அப்படிச் சொல்ல வேண்டாமா.

தண்ணீரோடு விட்டிருந்தால் அவன் எழுபத்திரண்டிலேயே இருந்திருப்பான். ஆனால் ஓடி வந்தவர்களுக்கு நெஞ்சுக்குள் ஒரு முள் இருந்தது, வெளியே சொல்லாத முள்: வீடு. தங்கபுஷ்பத்தின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று கேள்விப்பட்ட அன்று தங்கபுஷ்பம் அவன் காலில் விழுந்து, "நீங்க போய்ப் பேசுனா எங்க வீட்ல கேப்பாவ பெரியவரே" என்றாள். அவன் போனான். அந்த வீட்டில் எழுபத்தேழு வயதில் ஒரு தாத்தா இருந்தார். வாசற்படி ஏறும்போதே பலவேசத்துக்கு எழுபத்தெட்டு ஆனது. முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும் அவனுடையதாக இருந்தது. அடுத்த வாரம் தங்கபுஷ்பத்தின் அம்மா, கறுப்புக் கண்ணாடி போட்டபடி, ஒரு டின் முறுக்கோடு பஸ்ஸில் வந்து இறங்கி, பேரனைக் கட்டிக்கொண்டு ஊர் கேட்க அழுதாள்.

அதற்குப் பிறகு அவன் வாசலில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். தங்கத்துரை பிறந்த வீட்டுக்குப் போய் எண்பத்து நாலானான். நடுவில் ஒரு வீட்டில் அறுபது வயதுக்காரர்களே இருந்ததால் வயது ஏறாமல் தப்பினான், அந்த ஒருநாள் இரவு மட்டும் நன்றாகத் தூங்கினான். பள்ளிக்கூடத்துக்கு, சுடுகாட்டுப் பாதைக்கு, பத்திரகாளி கோயில் கொடைத் திருவிழாவில் ஓடிவந்தான்புரத்துக்கும் ஒரு பங்குக்கு என்று அவன் போகாத இடமில்லை, முடியாமல் திரும்பியதும் இல்லை. ஊர் நிறைந்தது, மாமியார்கள் வந்தார்கள், முறைமாமன்கள் வந்தார்கள், பண்டிகைக்குப் பண்டிகை வாசலெல்லாம் செருப்பாகக் கிடந்தது. வந்தவர்கள் எல்லாரும் நேரே அவனிடம் வந்து கும்பிட்டுவிட்டு, பிறகு யார் வீட்டுக்கு வந்தார்களோ அந்த வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"ஏலே ஜேசு, இனி நான் போகல" என்றான் ஒரு தடவை. "எனக்கு மூச்சு வாங்குது. நான் உன்னைவிட ரெண்டே மாசம்தாம்ல மூத்தவன்."

ஜேசுராஜ் வாயைப் பொத்திக்கொண்டு பணிவாகச் சிரித்தான். "உங்களுக்கு எப்பவும் தமாஷ்தான் பெரியவரே" என்றான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "எங்க வீடு ஒண்ணுதான் பாக்கி" என்றான்.

ஜேசுராஜின் வீடு கடற்கரையில் ஒரு மீனவக் குப்பம். அங்கே அவனுடைய அப்பாவின் அத்தை மிக்கேலம்மாள் தொண்ணூற்றொரு வயதில், காது மந்தமாகி, கையில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். பேச்சு நல்லபடியாக முடிந்தது. மிக்கேலம்மாள் அவனைப் பார்த்து, "ஐயா, எனக்காகவும் மாதாகிட்ட கேளுங்க, உங்க பேச்சு எங்கயும் ஏறுதாமே" என்றாள். தொண்ணூற்றிரண்டு வயதில் அந்த வீட்டுப் படியை இறங்கிய பலவேசம், பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் பக்கத்து மாதா கோயில் நிழலுக்குப் போனான். பங்குச் சாமியார் வியாகுலம் ஓடி வந்து நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டார்.

"சாமி, நீங்களும் உக்காருங்க" என்றான் பலவேசம். அவர் உட்காரவில்லை. பலவேசம் நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னான். சாமியார் கேட்டுவிட்டு, ஆச்சரியப்படாமல், தான் குருமடத்தில் கிரேக்கம் படித்தபோது ஒரு வினைச்சொல் இருந்தது என்றார். வயதில் மூத்திருப்பதற்கும் அதே சொல், சபையில் முதலிடத்தில் உட்காருவதற்கும் அதே சொல், தூது போவதற்கும் அதே, இன்னொருவருக்காகப் போய்க் கெஞ்சிக் கேட்பதற்கும் அதேதான்.

"நாலும் ஒண்ணுதானா சாமி?"

"ஒண்ணுதான் பெரியவரே. அந்தக் காலத்து ஆட்களுக்கு அது நாலு வேலையாத் தெரியல போல."

பலவேசம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அதுல வீடு திரும்பி வாறதும் சேர்த்தியா?" என்று கேட்டான்.

சாமியார் கண்ணை மூடி, மறந்துபோன புத்தகத்தை மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். "இல்ல" என்றார். அவர் நேர்மையான மனிதர், ஆறுதலுக்காக எதையும் சேர்த்துச் சொல்லவில்லை.

எல்லா வீட்டுக்கும் போனவன் ஒரே ஒரு வீட்டுக்குப் போகவில்லை. முப்பிடாதி பிறந்த வீடு மேற்கே ஓடைக்கரைப்பட்டியில் இருந்தது. அங்கே அவன் மாப்பிள்ளை, தனக்காகத் தானே தூது போகிற வழக்கம் எங்கேயும் கிடையாது, அவனுக்காகப் போகலாம் என்றால் அவனை விட்டால் ஊரில் வேறு மூத்தவர் யாருமில்லை. முப்பிடாதி அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. விடியும் முன்னே அளத்துக்குப் போவாள், மத்தியானம் உப்பு வெடித்த காலோடு வருவாள், சோறு வைப்பாள், நிற்பாள். அவன் சாப்பிட்டு எழுந்ததும் அதே தட்டில் போட்டுச் சமையல்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவாள், முதுகு மட்டும் அவனுக்குத் தெரியும்.

ஒரு புதன்கிழமை அவள் சோறு வைத்தாள், நின்றாள், பிறகு, "நான் எங்க ஊருக்குப் போயிட்டு வாறேன்" என்றாள். துணிப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மேற்கே போகிற பஸ்ஸில் ஏறினாள். எப்போது வருவாய் என்று கேட்கத் தோன்றாமல் அவன் பார்த்துக்கொண்டிருந்தான். இனி வரமாட்டாள் என்று பஸ் திரும்பியதும் தோன்றியது. வந்து என்ன செய்யப்போகிறாள், முப்பத்தோரு வயதுக்காரி, ஒரு கிழவன் மெல்லுவதை நின்று பார்ப்பதற்கா. அவளைத் தப்பு சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. அழுதான், அழும்போது யாராவது பார்த்தால் பெரியவர் தியானத்தில் இருக்கிறார் என்று நகர்ந்து போனார்கள்.

எட்டு நாள் தங்கபுஷ்பம் சாப்பாடு கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் நிற்கவும் ஆள் இல்லாத சாப்பாடு. நிற்கிறவளாவது இருந்தாளே என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை, உப்பளத்துக்கு விடுமுறை, ஊரே வீட்டில் இருந்த பகல் பதினொரு மணிக்கு, மேற்குப் பஸ்ஸிலிருந்து ஒரு கிழவி இறங்கினாள். கண்டக்டர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். கூன் விழுந்திருந்தது, தலை பஞ்சாக இருந்தது, ஒரு கையில் வெற்றிலைத் தட்டு, இடுப்பில் துணிப்பை. உப்பு வெள்ளையில் கண் கூச, நின்று நின்று நடந்து, நேரே பலவேசம் உட்கார்ந்திருந்த வேப்பமரத்தடிக்கு வந்தாள்.

பலவேசம் எழுந்துவிட்டான். ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. முழங்கால் அதுவாக எழுந்தது. வெள்ளைச்சாமி நாற்காலியை விட்டு எழுந்த நாளுக்கப்புறம் இந்த ஒன்றரை வருஷத்தில் அவன் யாருக்காகவும் எழுந்து நின்றதில்லை, எழுந்து நிற்க யாரும் இருந்ததில்லை. அவனுக்கு வயது தொண்ணூற்றிரண்டு. அவளுக்குத் தொண்ணூற்று மூன்று.

கிழவி அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்தாள், வெற்றிலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். ஊர் கூடியது. வழக்கப்படி முதல் வார்த்தை அவளுடையது.

"நான் ஓடைக்கரைப்பட்டியில இருந்து வாறேன்" என்றாள். "முப்பிடாதிக்கு அண்ணன் லிங்கத்துரை அனுப்பிச்சு வந்திருக்கேன். எங்க வீட்டுப் பொண்ணு முப்பிடாதிய இந்த ஊர்ல குடுத்திருக்கு. குடுக்கல, அவளா ஓடி வந்தா, அது கிடக்கட்டும். அவ அப்பா செத்து ரெண்டு வருஷமாச்சு, சொல்லி விடல, அது எங்க தப்பு. இப்ப நியாயம் கேக்க வந்திருக்கேன்."

குரல் நடுங்கியது, ஆனால் பேசுகிற விதத்தில் நடுக்கம் இல்லை. அது யார் என்று பலவேசத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் வாயைத் திறந்தான், ஜேசுராஜ் முந்திக்கொண்டான்.

"மன்னிக்கணும் அம்மா. முப்பிடாதி அக்காதான நீங்க? தனக்குத் தானே தூது வாற வழக்கம் எங்கயும் இல்லையே."

கிழவி அவனைக் கிட்டே வரச் சொன்னாள். வந்தான். "முப்பிடாதிக்கு என்ன வயசு?" என்று கேட்டாள்.

"முப்பத்தொண்ணு."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. நான் அவளா?"

ஜேசுராஜ் பார்த்தான். அவனுக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை, அவன் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. மெதுவாகப் பின்னால் போய்க் கூட்டத்தில் நின்றுகொண்டான்.

"அந்தப் பொண்ணு இனி வரமாட்டா" என்றாள் கிழவி. "அவளுக்காகக் கேக்கேன். ஒரு தட்டுல சாப்பிடணும்னு வீட்ட விட்டு வந்தவ, ஒன்றரை வருஷமா சுவத்தப் பிடிச்சு நின்னிருக்கா. யாரு நிக்க வச்சது?"

தங்கபுஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான்தான்" என்றான் பலவேசம். "நீ நிக்காதன்னு ஒரு வார்த்தை நான் சொல்லிருக்கணும். எல்லார் வீட்டுக்கும் போய்ப் பேசுனேன். நம்ம வீட்ல பேசல."

கிழவி தங்கபுஷ்பம் பக்கம் திரும்பி, "இலை போடு" என்றாள். "ரெண்டு. பக்கத்துப் பக்கத்துல."

தங்கபுஷ்பம் கையைப் பிசைந்தாள். "மூத்தவங்க சாப்பிட்டு முடிச்ச பிறகுதான அம்மா மத்தவங்க..."

"மூத்தவ யாரு?"

"நீங்கதான்."

"நான்தான சொல்லுதேன். போடு."

வேப்பமரத்தடியிலேயே இரண்டு இலை போட்டார்கள். இரண்டு பேரையும் கைத்தாங்கலாகப் பிடித்துத் தரையில் உட்கார வைக்க நாலு பேர் தேவைப்பட்டது. சோறு குழைய வடித்திருந்தது, சாளை மீன் குழம்பு. ஊர் சுற்றி நின்றது. கிழவி தலையை நிமிர்த்தாமல், "எங்கள என்ன வேடிக்கை பாக்குதிய, போய் அவங்கவங்க வீட்டுல உக்காந்து சாப்பிடுங்க" என்றாள், கடைசி வார்த்தை அவளுடையது என்பதால் போனார்கள்.

மரத்தடியில் இரண்டு பேரும் இருந்தார்கள். பலவேசம் சோற்றைத் தொடாமல் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான், நரம்பு புடைத்து எலும்பாகிப்போன கை. பதினெட்டு வயதில் பஸ்ஸில் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு வந்த கை அது.

"ஏன் புள்ள இப்படிப் பண்ணின?" என்றான். "உனக்கு இன்னும் எவ்வளவு வருஷம் இருந்துச்சு."

"இருந்துச்சு" என்றாள் முப்பிடாதி. "உன்னால இறங்கி வர முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. அதான் நான் ஏறி வந்துட்டேன்." ஒரு வாய்ச் சோற்றைப் பல்லில்லாத ஈறால் மென்று விழுங்கினாள். "பயமா இருந்துச்சுலே. பஸ்ல வாறப்ப ஒவ்வொரு ஸ்டாப்பிலயும் கை சுருங்கிச்சு. பாதில இறங்கிறலாமான்னு இருந்துச்சு."

அவனுக்கு அழுகை வந்தது. இந்தத் தடவை அது தியானமில்லை என்று பார்க்கிறவள் ஒருத்திக்குத் தெரிந்தது.

"அழுதுக்கிட்டே தின்னா விக்கும்" என்றாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தான். மீனைக் கிள்ளி, கண் சரியாகத் தெரியாததால் விரலாலேயே தடவி, முள்ளை எடுத்து இலையோரம் வைத்தான். முள் நீக்கிய துண்டை வாய்க்குக் கொண்டுபோகப் போகிறான், அதற்குள் பக்கத்து இலையிலிருந்து ஒரு கை நீண்டு அதைப் பறித்துக்கொண்டு போனது.